மெதுவாக நீந்தினால் நுட்பம் வருமா?

வயது வந்தபின் நீச்சல் கற்க வருவோருக்குக் குளக்கரையில் வழங்கப்படும் அறிவுரைகளுள் மிகப் பரவலானதும் மிகக் குறைவாகக் கேள்விக்குள்ளாக்கப்பட்டதும், வேகத்தை மறந்துவிட வேண்டும் என்பதுதான். முதலில் மெதுவாக நீந்தி நுட்பத்தைச் சீர்செய்துகொள்ள வேண்டும், நுட்பம் கைவந்துவிட்டால் வேகம் தானே பின்தொடரும், அதற்கு முன் வேகத்தை நாடுவோர் கெட்ட பழக்கங்களை மட்டுமே ஈட்டுவர் என்று பயிற்சியாளர்களும் கையேடுகளும் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்கின்றனர். பொறுமையைப் போற்றும் எந்த அறிவுரையையும் போலவே இதற்கும் கேட்டவுடன் இசைய வைக்கும் ஒரு கம்பீரம் உண்டு. அந்தக் கம்பீரமே இதன் உண்மையை எவரும் சோதித்துப் பார்க்காதபடி காத்தும் வந்திருக்கிறது. ஆனால் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் நுட்பம் என்பது வேகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே பழகி, பிறகு வேண்டிய வேகத்தில் ஓட்டிக்கொள்ளத்தக்க பொருளன்று. வேகம் மாறும்போது உடலின் மிதப்பு நிலை, மூச்செடுக்கும் இடம், கைகள் ஒன்றையொன்று தொடரும் காலக்கணக்கு ஆகிய அனைத்தும் உடன் மாறுகின்றன. ஆகவே மிக மெதுவாக மட்டுமே நீந்திப் பழகுபவர், வேகமாக நீந்தத் தேவைப்படும் நுட்பத்தின் நிதானமான வடிவத்தைக் கற்பதில்லை. வேறொரு நுட்பத்தையே கற்கிறார், அதுவும் பல வகைகளில் கூடுதல் கடினமான ஒன்றை.

இக்கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு, அது மதிப்பிற்குரியதும்கூட. அமெரிக்கப் பயிற்சியாளர் டெர்ரி லாஃப்லின் 1989-இல் ‘டோட்டல் இமர்ஷன்’ என்னும் பயிற்சி முறையைத் தொடங்கி, 1996-இல் அதே பெயரில் ஒரு நூலையும் வெளியிட்டார். போட்டி வீரர்களை விட்டுவிட்டு, முப்பது நாற்பது வயதுக்குமேல் நீரில் இறங்கும் சாதாரண மக்களை முதன்மையாகக் கருதிய முறைகளுள் இதுவே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. வயது வந்த கற்போர் தோற்பது வலிமைக் குறைவால் அன்று, உடல் சாய்ந்து கிடப்பதால் நீர் தரும் தடையை மீற முடியாமையால்தான் என்பது லாஃப்லின் வலியுறுத்திய அடிப்படை உண்மை. அதை இன்றும் எவரும் மறுக்க இயலாது. அவ்வுண்மையிலிருந்து அவருடைய வழிவந்தோர் எடுத்த முடிவுகளே சிக்கலானவை: கையை முன்னே நீட்டி இயன்றவரை நீண்ட நேரம் நழுவ வேண்டும், 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், வீச்சுக்கும் வீச்சுக்கும் இடையிலான அவகாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நுட்பம் தேறுகிறது. நூலைப் படிக்காதவர்களிடமும், அதன் ஆசிரியர் பெயரையே அறியாதவர்களிடமும் இம்முடிவுகள் இன்று பொதுப்புத்தியாகப் படிந்துவிட்டன.

நீரில் அசையாமல் குப்புற மிதக்கும் மனித உடலில் இரண்டு மையங்கள் முக்கியமானவை. எடை முழுவதும் குவிந்து செயல்படுவதாகக் கொள்ளப்படும் புவியீர்ப்பு மையம் தொப்புளுக்கு அருகில் இருக்கிறது. நீர் உடலை மேலே தள்ளும் விசை செயல்படும் மிதப்பு மையம், காற்று நிறைந்த நுரையீரலின் காரணமாக, அதைவிடச் சற்று மார்புப்பக்கமாக இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் அமையாததால் மார்பு மேலெழ, கால்கள் கீழிறங்குகின்றன. சிறுவர்களிடம் இந்த இடைவெளி சிறியது, கால்களும் குட்டையானவை. ஆகவே அவர்கள் மெதுவாக நகர்ந்தாலும் பெரும்பாலும் கிடையாகவே கிடக்கின்றனர். நீண்ட கால்களும் தசைப்பற்றான தொடைகளும் கொண்ட வயது வந்த ஆண்களிடமே இந்த இடைவெளி மிகுந்த தொல்லை தருகிறது. உடல் முன்னோக்கி நகரத் தொடங்கும்போதோ நீரோட்டம் உடலின் அடிப்பரப்பில் மோதி அதைத் தூக்கிவிட உதவுகிறது. இந்த உயர்த்து விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவது, அதாவது வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். 25 மீட்டரை 25 நொடியில் கடப்பவரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். அதையே 50 நொடியில் கடப்பவர்க்கு அரை மீட்டர். உடல் அதே கோணத்தில் கிடக்கிறது என்று கொண்டால், இரண்டாமவர் முதலாமவருக்குக் கிட்டும் உதவியில் நாலில் ஒரு பங்கையே பெறுகிறார். கால்கள் மூழ்குவதைச் சரிசெய்ய அவர் தலையை இன்னும் தாழ்த்துகிறார், மார்பை அழுத்துகிறார், இவை போதாதபோது கால்களை ஓயாமல் உதைக்கிறார். உடலின் மிகப் பெரிய தசைகள் அங்கே இருப்பதால் இரண்டு மூன்று நீளங்களில் மூச்சு வாங்குகிறது. அவர் மெதுவாக நீந்துவதாலேயே விரைவில் களைக்கிறார் என்பதைக் கரையில் நிற்பவர் கவனிப்பதில்லை. இன்னும் மெதுவாக நீந்துமாறு சொல்லிவிடுகிறார்.

இதனோடு கைகளின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முழுக்கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அந்தக் கையைப் பெரும்பாலும் நீரே சுமக்கிறது. முன்னே எடுத்துச் செல்வதற்காக அதை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கும்போது அந்த எடை முழுவதும் உடலைக் கீழே அழுத்துகிறது. ஒரு நொடியில் முடியும் இந்தச் செயலை நளினம் கருதி இரண்டு நொடிக்கு நீட்டுபவர், ஒவ்வொரு வீச்சிலும் மூழ்குவதற்கு இருமடங்கு நேரத்தை உடலுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மீண்டும் மேலெழுவதற்கு உழைக்கிறார்.

வயது வந்த கற்போரின் உண்மையான இன்னல் மூச்சு. கையும் காலும் ஓரளவு வசப்பட்ட பின்னரும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நின்றுவிடுவோரிடம் காரணம் கேட்டால் அவர்கள் தோள் வலியையோ கால் சோர்வையோ சொல்வதில்லை, மூச்சு முட்டுகிறது என்றே சொல்கின்றனர். மூச்சுமுட்டல் உணர்வு பெரும்பாலும் உடலில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் எழுவதன்று. வெளியேறாமல் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவாலேயே எழுவது. ஆகவே இரண்டு மூச்சுகளுக்கு இடையில் எத்தனை நொடி கழிகிறது என்பதே இங்குத் தீர்மானமான கேள்வி, அதற்கு விடைகாண வெறும் வாய்ப்பாடு போதும். இரண்டு கைகளையும் சேர்த்து நிமிடத்துக்கு 30 வீச்சு என்னும் நிதானத்தில் நீந்துபவருக்கு ஒரு வீச்சுக்கு 2 நொடி ஆகிறது. இருபக்கமும் மாறிமாறி மூச்செடுப்பதே முறை என்று சொல்லப்பட்டு அவர் மூன்று வீச்சுக்கு ஒருமுறை மூச்செடுத்தால் இடைவெளி 6 நொடி. நிமிடத்துக்கு 50 வீச்சு என்னும் சாதாரண வீதத்தில் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூச்செடுப்பவருக்கு அந்த இடைவெளி 2.4 நொடி மட்டுமே. மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரை ஆறு நொடிக்கு ஒருமுறை மட்டுமே மூச்சுவிடச் சொல்வது கொடுமை என்று எவருக்கும் தெரியும். நீச்சலில் அதுவே அமைதியான பயிற்சி என்று பெயர் பெறுகிறது.

மூச்சின் காலத்தைப் போலவே அதன் இடமும் வேகத்தால் அமைவதே. தலை நீரைக் கிழித்துச் செல்லும்போது அதன் முன்னே ஒரு சிற்றலை எழுகிறது, அதற்குப் பின்னால், கன்னத்தை ஒட்டினாற்போல், நீர்மட்டம் சற்றே தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. தேர்ந்த நீச்சல்காரர்கள் தலையைத் தூக்காமலே, ஒரு கண் நீருக்குள் இருக்க, வாயின் ஒரு பாதியை மட்டும் வெளிக்காட்டி மூச்செடுப்பதாகப் படங்களில் தெரிவது அந்தப் பள்ளத்துக்குள்ளேதான். நொடிக்கு அரை மீட்டரில் நகர்பவரின் தலை எழுப்பும் அலை அற்பமானது, பள்ளம் இல்லை என்றே சொல்லிவிடலாம். அவர் அதே போலத் தலையைத் திருப்பினால் வாய்க்குள் போவது தண்ணீர். ஆகவே கழுத்தை முறுக்கித் தலையை உயர்த்துகிறார், தலை உயர்ந்தவுடன் கால் தாழ்கிறது, நீட்டியிருந்த கை நிலைகுலைந்து அடியில் அழுந்துகிறது. இந்தத் தொடர் பிழை முழுவதையும் நுட்பக் குறைவு என்று பெயரிட்டு, அதைச் சரிசெய்ய வேகத்தை மேலும் குறைக்கச் சொல்வது, நோயின் காரணத்தையே மருந்தாகக் கொடுப்பதாகும்.

நழுவலைப் பற்றிய வாதம் சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது, ஏனெனில் சிக்கனம் என்னும் சொல்லைக் காட்டி அது தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது. கிளைடு என்று பயிற்சியாளர்கள் சொல்லும் இந்த நழுவலின்போது ஒரு கை முன்னே நீண்டு அசையாமல் கிடக்க, உடல் முந்தைய வீச்சின் உந்துதலிலேயே நகர்கிறது. உழைக்காமல் தொலைவு கிட்டுகிறது என்பதால் இது இலாபமாகத் தோன்றுகிறது. ஆனால் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்ந்த ஊடகமாகிய நீரில் உந்தும் விசை நின்ற கணமே வேகம் சரியத் தொடங்கிவிடுகிறது. நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; அத்தடையை வெல்லச் செலவாகும் திறன், அதாவது ஒவ்வொரு நொடியும் செலவழியும் ஆற்றல், வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. இதனால் ஏற்ற இறக்கம் எப்போதும் நட்டமே தருகிறது. நொடிக்கு 1 மீட்டர் என்று சீராக நீந்துபவரின் செலவை 1 என்று வைத்துக்கொண்டால், பாதி நேரம் 1.2 மீட்டரிலும் பாதி நேரம் 0.8 மீட்டரிலும் நீந்தி அதே சராசரியை எட்டுபவரின் செலவு 1.12 ஆகிறது. இப்போது மெதுவாக நழுவி நீந்தும் கற்பவரை எடுத்துக்கொள்வோம்: சராசரி 0.6 மீட்டர், ஆனால் இழுக்கும்போது 0.9, நழுவி முடியும்போது 0.3. இந்த ஏற்ற இறக்கம் அவருடைய செலவை, அதே 0.6 மீட்டரில் சீராக நீந்தியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட 75 விழுக்காடு கூட்டிவிடுகிறது. தடையை மட்டும் கணக்கிடும் எளிய கணக்கு இது. மூழ்கிய கால்களை மீண்டும் தூக்குவதற்கான செலவு இதில் சேரவில்லை. இவ்வளவும் ஒரு கைவீச்சைச் சேமிப்பதற்காக.

கையின் அடிப்பக்கம் நீரைப் பற்றிப் பின்னோக்கி அழுத்துவதை நீர்ப்பிடிப்பு என்று சொல்லலாம். முழங்கையை உயர்த்தி வைத்து முன்னங்கையைக் கீழ்நோக்கிச் செங்குத்தாக்கும் இந்தச் செயலே ஃப்ரீஸ்டைலின் உயிர்நாடி என்பதில் எக்கட்சியினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உள்ளங்கை உணரும் அழுத்தமும் அது நீரில் பின்னோக்கிச் செல்லும் வேகத்தின் வர்க்கத்தையே பொறுத்தது. மிக மெதுவாக இழுக்கும் கைக்கு நல்ல பிடிப்பும் மோசமான பிடிப்பும் ஒன்றுபோலவே தோன்றும். முழங்கை சரிந்து கை நீரைக் கீறிக்கொண்டு போனாலும் எச்சரிக்கும் உணர்வு எதுவும் எழாது. உணர்வைக் கூர்மையாக்குவதற்கு என்று பரிந்துரைக்கப்படும் நிதானம், உணர வேண்டிய பொருளையே இல்லாமல் செய்துவிடுகிறது. இதில் ஒரு வரலாற்று முரண்நகையும் உண்டு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கவுன்சில்மன், மார்க் ஸ்பிட்ஸ் உள்ளிட்ட வீரர்களுக்குப் பயிற்சியளித்தவர், நீருக்கடியில் எடுத்த படங்களைக் கொண்டு கையின் பாதையை ஆராய்ந்து 1968-இல் தம் பெருநூலை வெளியிட்டார். இன்று கற்போர் முன் வைக்கப்படும் இலட்சிய வடிவங்கள் அவரிலிருந்தும் அவருக்குப் பின் வந்த படப்பிடிப்பாளர்களிடமிருந்தும் வந்தவை. உயர்ந்த வேகத்தில் உடல் தானாக எடுத்துக்கொண்ட வடிவத்தைப் படம்பிடித்து, அந்த வடிவம் நிகழவே முடியாத வேகத்தில் அதைப் போலச் செய்யுமாறு பணிப்பதுதான் நிதானவாதத்தின் நடைமுறை.

கைகள் இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தொடர்கின்றன என்பதை அளக்க டிடியே ஷோலே என்னும் பிரெஞ்சு ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் 2000-இல் ஒருங்கிணைவுக் குறியீடு ஒன்றை வகுத்தனர். ஒரு கை உந்தி முடிப்பதற்கும் மறு கை உந்தத் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதை முழுச்சுற்றின் விழுக்காடாகச் சொல்வது அது. இடையில் வெற்றுநேரம் இருந்தால் குறியீடு எதிர்மமாகும். ஒன்று முடிகையில் மற்றது தொடங்கினால் சுழி. இரண்டு உந்துதல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நேர்மம். தேர்ந்த நீச்சல் வீரர்களிடம் அளந்தபோது, 800 மீட்டர் வேகத்திலிருந்து 50 மீட்டர் வேகத்தை நோக்கிச் செல்லச் செல்ல அதே மனிதரிடமே இந்தக் குறியீடு உயர்ந்துகொண்டு போவது தெரியவந்தது. எந்த வேகத்துக்கும் பொதுவான ஒரே நுட்பம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்த எண் மாறியிருக்கக் கூடாது. வேகம் கூடும்போது ஒருங்கிணைவு படிப்படியாக மட்டுமின்றித் திடீரென்றும் மாறும் என்பதற்கு நீச்சலுக்கு வெளியேயும் சான்றுண்டு: இரு சுட்டுவிரல்களையும் எதிரெதிராக அசைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் அவை தம்மையறியாமல் ஒத்திசைந்த அசைவுக்குத் தாவிவிடுகின்றன என்று ஸ்காட் கெல்சோ 1980-களில் காட்டியது இயக்க அறிவியலின் புகழ்பெற்ற சோதனைகளுள் ஒன்று. நடையும் ஓட்டமும்கூட அப்படித்தான். எவ்வளவு மெதுவாக நடந்து பழகினாலும் ஓட்டம் வாராது.

நிதானவாதிகள் வழக்கமாகச் சுட்டும் உவமை இசைப்பயிற்சி. சரளி வரிசையை முதற்காலத்தில் பிசகின்றிப் பாடாதவர் மூன்றாம் காலத்துக்குப் போகலாகாது என்பது அவர்கள் எதிர்பார்க்கும் ஒப்புதல். ஆனால் கர்நாடக இசையின் பயிற்சிமுறை அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. தொடக்கநிலை மாணவருக்கே அதே வரிசை மூன்று காலங்களிலும் சொல்லித்தரப்படுகிறது; முதற்காலத்திலேயே ஓராண்டு உட்கார வைக்கும் ஆசிரியர் அரிது. மேலும், வீணையில் ஒரு சுரத்துக்குரிய மெட்டு எந்தக் காலத்தில் வாசித்தாலும் அதே இடத்தில்தான் இருக்கும்; நீரிலோ வேகம் மாறினால் மெட்டுகளே இடம்பெயர்ந்துவிடுகின்றன. அங்கே செல்லுபடியாகும் வாதமே பாதி என்றால், இங்கே அதுவும் இல்லை.

வெற்றியாளர்களைக் காட்டும் வாதத்துக்கு வருவோம். 1992-இல் பார்சிலோனாவிலும் 1996-இல் அட்லாண்டாவிலும் 50, 100 மீட்டர் பந்தயங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற அலெக்சாண்டர் போப்போவ், பயிற்சியாளர் கென்னாடி துரெட்ஸ்கியின் கீழ் மிகுந்த தொலைவை நிதானமாகவும் பிசகற்ற வடிவத்திலும் நீந்தியவர் என்பது உண்மை. அட்லாண்டாவில் 100 மீட்டரை 48.74 நொடியில், அதாவது நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் சற்று மேற்பட்ட வேகத்தில் முடித்தவர் அவர். அவருடைய ‘மெதுவு’ பெரும்பாலான புதுக் கற்போரின் முழுவேகத்துக்கும் மேற்பட்டது. உடலைத் தூக்கிப் பிடிக்கவும் மூச்சுப்பள்ளத்தை உண்டாக்கவும் அது தாராளமாகப் போதும். மேலும் அவர் நிதானத்தில் வேகத்தைக் கற்கவில்லை, இருந்த வேகத்தை நிதானத்தில் பாதுகாத்தார். இந்த வேற்றுமையைக் காணாதவர்களுக்குப் போப்போவ் ஆசான் ஆகமாட்டார்.

வீச்சு நீளத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களிலும் இதே வகைப் பிழை நிகழ்கிறது. 1970-களின் இறுதியில் ஆல்பர்ட் கிரெய்கும் டேவிட் பென்டர்காஸ்ட்டும் நீச்சல் வேகம் என்பது வீச்சு நீளத்தையும் வீச்சு வீதத்தையும் பெருக்கி வருவது என்பதை அளவீடுகளோடு விளக்கினர். ஒரு வீச்சில் கடக்கும் தொலைவு வீச்சு நீளம், நிமிடத்தில் போடும் வீச்சுகள் வீச்சு வீதம். பின்னர் கிரெய்க் முதலியோர் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டிகளை ஆராய்ந்தபோது, இறுதிச்சுற்றுக்கு வந்தோரின் வீச்சு பெரும்பாலும் நீண்டிருந்ததைக் கண்டனர். இதிலிருந்து, வீச்சை நீட்டினால் வேகம் வரும் என்ற முடிவு பிறந்தது. ஆனால் உயரமும் வலிமையும் குறைந்த தடையும் உடையவரின் வீச்சு நீண்டிருப்பது இயல்பு. அது அவருடைய திறமையின் விளைவு. விளைவைப் போலச் செய்தால் காரணம் பின்னால் வந்து சேராது. அதே ஆய்வுகள், ஒரே மனிதர் வேகத்தைக் கூட்டும்போது வீதத்தை உயர்த்தியே கூட்டுகிறார், வீச்சு நீளமோ குறைகிறது என்பதையும் காட்டியிருந்தன. அந்தப் பக்கம் மட்டும் யாராலும் மேற்கோள் காட்டப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் ஐயன் தோர்ப் போன்ற ஆறேகால் அடிக்கு மேற்பட்டவர்களின் நீண்ட நளினமான வீச்சு அழகின் இலக்கணமாகிவிட்டது. ஆனால் ஐந்தரை அடியளவே உயரம் கொண்ட ஜேனட் எவன்ஸ், காற்றாடி போலக் கைகளைச் சுழற்றி, 1988-இல் சியோலில் மூன்று தங்கம் வென்றதும், அங்கே அவர் 400 மீட்டரில் படைத்த 4 நிமிடம் 3.85 நொடி என்னும் உலகச் சாதனை 2006 வரை நின்றதும் அந்த இலக்கணத்துக்குள் அடங்காத செய்திகள். சராசரித் தமிழரின் உடலமைப்பு இவ்விருவருள் யாருக்கு நெருக்கமானது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மேலைநாடுகளில் இம்முறை பரவியதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கக்கூடும். அங்கே அதை விரும்பி ஏற்றோரில் பலர் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியாளர்கள். குளிர்ந்த நீரில் அவர்கள் அணியும் வெட்சூட் என்னும் நியோப்ரீன் உடை வெப்பத்தைக் காப்பதோடு மிதவையாகவும் செயல்பட்டுக் கால்களைத் தூக்கிக் கொடுக்கிறது. மெதுவாக நழுவுவதன் முதற்கேடு அந்த உடையால் மறைந்துவிடுகிறது. சென்னையின் வெதுவெதுப்பான குளங்களில் சாதாரண நீச்சலுடையோடு இறங்குபவருக்கு அந்த உதவி இல்லை. கேடு மட்டும் முழுமையாகக் கிட்டுகிறது.

இவ்வளவு சொன்னதால், தண்ணீரைக் கண்டு அஞ்சும் ஒருவரை முதல் நாளே விரைந்து நீந்தச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் என்று கொள்ளலாகாது. நீருக்குள் முகம் வைத்து மூச்சை வெளிவிடுவது, சுவரை உதைத்து அம்புபோல் மிதந்து செல்வது, பதற்றமின்றி எழுந்து நிற்பது ஆகியவற்றை நிதானமாகத்தான் கற்க வேண்டும். அச்சத்தின் வேகம் வேறு, நீச்சலின் வேகம் வேறு. லாஃப்லின் முறை இந்தக் கட்டத்தில் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஒருவர் 25 மீட்டரை எப்படியோ கடந்துவிட்ட பிறகு, கிடைமட்ட நிலையைத் தக்கவைத்துக்கொள்ள அவருக்குத் தேவை வேகமே. கொங்கு நாட்டுக் கிணறுகளில் முதுகில் சுரைக்குடுக்கையோடு இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள் சில நாட்களில் எதிர்ப்படிக்கட்டைத் தொடப் போட்டியிட்டனர்; அவர்கள் பாணி ஃப்ரீஸ்டைல் அன்றுதான், ஆயினும் மிதப்பதற்கு விரைவு துணை என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேகமாக நீந்தினால் வடிவம் குலைந்துவிடும் என்ற மறுப்பில் உண்மை உண்டு, ஆனால் அது களைப்பைப் பற்றிய உண்மை. பால் ஃபிட்ஸ் 1954-இல் நிறுவிய விதி, வேகம் கூடினால் துல்லியம் குறையும் என்று சொல்கிறது. அது ஒரு குறியைத் தொடக் கை நீட்டும் செயல்களுக்கு உரியது, நீர் தாங்கிக் கொடுக்கும் சுழல் இயக்கத்துக்கு அப்படியே பொருந்துவதன்று. கைவீச்சு சிதைவதும் முழங்கை சரிவதும் பெரும்பாலும் ஐம்பதாவது மீட்டரில் நிகழ்வன, பன்னிரண்டாவது மீட்டரில் அன்று. ஆகவே 12 முதல் 15 மீட்டர் வரை, வழக்கத்தைவிடச் சற்றே விரைவாக நீந்தி, முழுமையாக மூச்சு ஆறும்வரை நின்று, மீண்டும் நீந்துவதில் வடிவம் கெடுவதற்கான வாய்ப்பு, இருபது நிமிடம் இடைவிடாமல் ஊர்ந்து நீந்துவதைவிடக் குறைவு. இதயநோய் அபாயமுள்ளவரும் தோள்வலியுள்ளவரும் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் கால்களை ஓயாது உதைத்து மூச்சை அடக்கி நீந்தும் நிதான முறையும் இதயத்துக்கு இளைப்பாறல் ஆகாது. மாறுபட்ட நிலைகளில் பழகுபவர் ஒரே நிலையில் பழகுபவரைவிடப் புதுச்சூழலுக்கு நன்றாக ஈடுகொடுப்பார் என்பது ரிச்சர்ட் ஷ்மிட் 1975-இல் முன்வைத்த இயக்கக் கற்றல் கொள்கையின் எதிர்பார்ப்பு. ஒரே மணிநேரத்தில் மூன்று நான்கு வேகங்களில் நீந்துவது அதற்கு மிக எளிய நடைமுறை.

எஞ்சியிருப்பது வீச்செண்ணிக்கை வழிபாடு. லாஃப்லினே பிற்காலத்தில் டெம்போ ட்ரெய்னரைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார் என்பதை அவர் பெயரால் பேசுவோர் நினைவில் வைப்பது நலம். நீச்சல்தொப்பிக்குள் செருகிக்கொள்ளத்தக்க இந்தச் சிறு கருவி, நிர்ணயித்த இடைவெளியில் ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கை நீரில் இறங்க வேண்டும். அதை 1.5 நொடிக்கு வைத்து 25 மீட்டரை 22 வீச்சில் கடப்பவருக்கு, சுவரை உதைத்துக் கிளம்பும் நேரம் நீங்கலாக, 33 நொடி ஆகிறது. 1.2 நொடிக்கு மாற்றியதும் அவருடைய எண்ணிக்கை 25 ஆக உயர்ந்துவிட்டால், எண்ணிக்கையை வழிபடுவோர் நுட்பம் தேய்ந்துவிட்டது என்பர். கடிகாரமோ 30 நொடி காட்டும். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூச்செடுக்கும் அவருக்கு முன்னர் 3 நொடியாக இருந்த மூச்சிடைவெளி இப்போது 2.4 நொடி, உடலும் முன்னைவிடச் சற்றுக் கிடையாகக் கிடக்கும், முதன்முறையாக அவர் அடுத்த நீளத்தையும் நிற்காமல் தொடங்கக்கூடும்.